சவுக்கு மரத்துக்குப் பெயர் கொடுத்த பறவை: காசோவரி, ஓர் எளிய அறிமுகம்

மரக்காணம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்புக்குள் போய் நின்றால் முதலில் காதில் விழுவது அந்த 'உஸ்' என்ற ஓசைதான். கிளையில் தொங்கும் பச்சை இழை ஒன்றைப் பறித்து இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கணுவில் கழன்று வரும். மறுபடி அதே இடத்தில் செருகிவிட்டு, "எந்தக் கணுவில் உடைத்தேன், சொல்லு" என்று சின்ன வயதில் விளையாடியிருக்கிறோம். அந்த இழை இலை இல்லை, மெல்லிய தண்டு. இலைகள் அந்தக் கணுக்களைச் சுற்றிப் பற்கள் போல ஒட்டியிருக்கும் நுண்ணிய செதில்கள்.

இந்த இழைகள் கொத்துக் கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்குவதைப் பார்த்துத்தான் சவுக்குக்கு அறிவியல் பெயர் வைத்தார்கள்: கசுவாரினா. கசுவாரி என்பது மலாய் மொழியில் ஒரு பறவையின் பெயர். அதன் உடம்பிலிருந்து தொங்கும் முடி போன்ற கறுப்பு இறகுகளும் சவுக்கின் இழைகளும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நம் கடற்கரை முழுக்க அந்தப் பறவையின் பெயரைச் சுமந்த மரங்கள் நிற்கின்றன. பறவையை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததில்லை.

அந்தப் பறவைதான் காசோவரி. இணையத்தில் அதன் பெயரைத் தேடினால் 'உலகிலேயே மிக ஆபத்தான பறவை' என்ற தலைப்பில்தான் காணொளிகள் வரும். அது ஓர் ஓரத்து உண்மை. காசோவரியைப் புரிந்துகொள்ள அதன் நகத்திலிருந்து தொடங்கக் கூடாது, அது தின்னும் பழத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதன் உடல், வயிறு, தனிமை, குஞ்சு வளர்ப்பு, மனிதரோடு அதற்கு வரும் வம்பு எல்லாமே பழத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம்.

காசோவரியில் மூன்று இனங்கள் உண்டு. மூன்றும் நியூ கினி தீவில் வாழ்கின்றன. தென் காசோவரி மட்டும் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு மூலையில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மழைக்காடுகளிலும் இருக்கிறது. குள்ளக் காசோவரி நியூ கினியின் மலைப்பகுதிக்காரர். வட காசோவரி அதே தீவின் வடபகுதித் தாழ்நிலக் காடுகளில் வாழ்கிறது. கழுத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். சேவலின் தாடி போலத் தொங்கும் சிவப்புத் தசை தென் காசோவரிக்கு இரண்டு, வட காசோவரிக்கு ஒன்று, குள்ளக் காசோவரிக்கு இல்லை. இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் தென் காசோவரியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதிகம் ஆராயப்பட்டது அதுதான்.

சிங்கப்பூர் மண்டாயில் உள்ள பறவைப் பூங்காவில் ஒன்றைச் சில அடி தூரத்தில் பார்த்தேன். படத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தும், நேரில் அந்த நீலத்துக்கு நான் தயாராக இல்லை. கழுத்தின் முன்புறம் அடர் நீலம், முகம் இளநீலம், பின்கழுத்தில் செம்பருத்திச் சிவப்பு. தோலே அந்த நிறம். தலையில் தேன்பழுப்பு நிறத்தில் கொம்பு போன்ற ஒரு கொண்டை. நின்றால் ஐந்திலிருந்து ஆறடி உயரம். பெண்தான் பெரிது, அறுபது கிலோவைத் தாண்டும். ஆண் முப்பது, முப்பத்தைந்து கிலோவில் நின்றுவிடும். ஆஸ்திரேலியாவிலேயே அதிக எடையுள்ள பறவை இதுதான். உலக அளவில் தீக்கோழிகளுக்கு அடுத்த இடம்.

அத்தனை பெரிய உடம்பு நடந்து வந்தபோது சருகு மிதிபடும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு மனதில் நின்றது.

இறகைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கீழே கிடக்கும் ஒரு காக்கை இறகை எடுத்து விரலால் எதிர்ப்பக்கம் நீவினால் அது கிழிந்து பிரியும். நேராக நீவினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதன் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால் அப்படி நடக்கிறது, நம் பையில் உள்ள ஜிப் மாதிரி. காற்றைத் தள்ளிப் பறக்க அந்தக் கொக்கிகள் வேண்டும். காசோவரியின் இறகில் அவை இல்லை. அதனால் இழைகள் ஒட்டாமல் முடி போலத் தொங்குகின்றன. இன்னொரு வினோதம்: ஒவ்வோர் இறகும் ஒரே அடியிலிருந்து இரட்டையாகக் கிளம்புகிறது, இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். குயின்ஸ்லாந்துக் காட்டில் முள் நிறைந்த பிரம்புக் கொடிகள் வழியெல்லாம் பின்னிக் கிடக்கும். மனிதர் உடையில் மாட்டினால் நின்று விடுவித்துக்கொண்டுதான் நகர முடியும். காசோவரி தலையைத் தாழ்த்திக்கொண்டு அதற்குள் ஊடுருவிப் போகிறது. மேலே படிந்து தொங்கும் அந்த இறகுப் போர்வை முள்ளையும் மழையையும் வழித்துவிடுகிறது.

சிறகு இருக்கிறது, ஆனால் இறகுப் போர்வைக்குள் மறைந்திருக்கும் சிறு துண்டு. அதில் இழையே இல்லாத ஐந்தாறு தடித்த ஈர்க்குகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். வால் இறகு கிடையாது.

சரி, ஏன் பறக்கவில்லை?

கோழிக்கறி தின்னும்போது நெஞ்செலும்பில் நடுவே கத்தி போல ஓர் எலும்பு எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு பக்கமும் சதை பிடித்திருக்கும். அந்தச் சதைதான் சிறகடிக்கும் தசை, அந்த எலும்பு மேடுதான் தசைக்குப் பிடிமானம். காசோவரிக்கு அந்த மேடு இல்லை, நெஞ்செலும்பு தட்டையாக இருக்கிறது. தீக்கோழி, ஈமு, கிவி எல்லாம் இதே கூட்டம். காசோவரிக்கு மிக நெருங்கிய சொந்தம் ஈமு. சில ஆண்டுகளுக்கு முன்பு கொங்குப் பகுதியில் 'ஈமு கோழி' என்று பண்ணை பண்ணையாக வளர்த்தார்களே, அதேதான். வறண்ட திறந்தவெளிக்குப் போன தாயாதி ஈமு, மழைக்காட்டில் தங்கிவிட்ட தாயாதி காசோவரி.

இந்தப் பறக்காத பெரிய பறவைகள் எல்லாம் பறக்காத ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை, கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது ஆளுக்கொரு துண்டில் மிதந்து போயின என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். மரபணுச் சான்றுகள் அதை மாற்றிவிட்டன. நியூசிலாந்தின் கிவிக்கு மிக நெருங்கிய உறவு, மடகாஸ்கரில் அழிந்துபோன யானைப் பறவை என்று 2014-இல் தெரிந்தது. நடுவே ஒரு பெருங்கடலே கிடக்கிறது. ஆகவே மூதாதைகள் பறந்திருக்கின்றன, பிறகு அங்கங்கே தனித்தனியாகத் தரையில் இறங்கிப் பறப்பதை விட்டிருக்கின்றன. பறப்பது செலவு மிகுந்த வேலை, பெரிய உடம்பை அனுமதிக்காது. உணவெல்லாம் தரையில் விழுந்து கிடந்து, துரத்த பெரிய விலங்கும் அதிகம் இல்லாத இடத்தில் சிறகை விட்டுக் காலை வளர்ப்பது லாபம்.

காசோவரியை 'வாழும் டைனோசர்' என்று சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் பறவைகளும் டைனோசர் வம்சம்தான். நம் வீட்டு முற்றத்துச் சிட்டுக்குருவியும் அதே அளவுக்கு டைனோசர் வாரிசு. ஆனால் 2017-இல் சீனாவில் விவரிக்கப்பட்ட கோரித்தோராப்டர் என்ற டைனோசரின் மண்டையில் காசோவரிக் கொண்டையைப் போலவே ஒன்று இருந்தது என்பது உண்மை.

இனி பழத்துக்கு வருவோம்.

காசோவரிக்குப் பல் இல்லை, மெல்ல முடியாது. கீழே விழுந்த பழத்தை அலகின் நுனியால் பிடித்து, தலையை ஓர் உதறு உதறித் தொண்டைக்குள் எறிந்து முழுதாக விழுங்குகிறது. பெரிய பழம் என்றால் அது நீலக் கழுத்து வழியாக இறங்குவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். காளான், நத்தை, பூச்சி, தவளை, செத்த சிறு விலங்கு இவற்றையும் தின்னும். ஆனால் வாழ்க்கை பழத்தில்தான். ஆஸ்திரேலியாவில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட செடி, கொடி, மர வகைகளின் பழங்களை இது தின்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் நாவல் மரத்தின் இனங்கள் அதில் உண்டு, இலவங்கப்பட்டைக் குடும்பத்து மரங்கள் உண்டு, பனைக் குடும்பத்தவை உண்டு.

அதில் ஒன்று நமக்கு நெருக்கமானது. குயின்ஸ்லாந்தில் நீலக் குவான்டாங் என்று அழைக்கப்படும் உயரமான மரம் ஒன்று இருக்கிறது. பளபளக்கும் நீல நிறத்தில், கோலிக்குண்டு அளவில் பழம். சதையை நீக்கினால் உள்ளே சுருக்கம் சுருக்கமாக, முண்டும் முடிச்சுமாக ஒரு கொட்டை. கையில் வாங்கிப் பார்க்கும் தமிழர் யாருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது. ருத்ராட்சம்! நம் ஊருக்கு நேபாளத்திலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வருகிற ருத்ராட்ச மரத்தின் இனம்தான் அது. நம் வீட்டுப் பெரியவர்கள் கழுத்தில் கோத்துப் போடுவது அங்கே காட்டுப் பாதையில் காசோவரியின் எச்சத்தில் குவியலாகக் கிடக்கிறது.

அந்த எச்சத்தை அருவருப்பில்லாமல் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காட்டின் கதையே அதில்தான் இருக்கிறது. மற்ற பறவைகளின் எச்சம் போல வெள்ளைச் சொட்டு இல்லை. ஒரு பெரிய தட்டு நிறையக் கொட்டினது போல இருக்கும். ஊதாவும் நீலமும் சிவப்புமாகப் பாதி செரித்த தோல், அதற்கு நடுவே நூற்றுக்கணக்கில் முழு விதைகள். சில பழங்கள் உருவம்கூட மாறாமல் வெளியே வந்திருக்கும். காசோவரியின் குடல் உடம்புக்குக் குட்டையானது, அரைவைப் பைக்கும் கோழியுடையதைப் போல அரைத்துத் தூளாக்கும் வலு இல்லை. சதையில் உள்ள சர்க்கரையைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொண்டு, விதையைச் சேதமில்லாமல் சில மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறது. இந்த அவசரத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. 'காசோவரி பிளம்' என்றே பெயர் பெற்ற ஒரு பழம் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது, மற்ற உயிர்களுக்கு நஞ்சு. காசோவரி அதை விழுங்கி, நஞ்சு உடம்பில் ஊறும் முன்பே கொட்டையை வெளியேற்றிவிடுகிறது.

மரத்தின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மரத்தடியிலேயே விழுகிற விதைக்குத் தாய்மர நிழல் ஒரு தண்டனை. வெளிச்சம் இல்லை, அதே மரத்தைத் தின்னும் பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் கூட்டமாக இருக்கும். எங்காவது தூரமாய்ப் போக வேண்டும். சிறு பழம் என்றால் குருவியும் வௌவாலும் தூக்கிப் போகும். கைப்பிடி அளவுப் பழத்தை யார் தூக்குவது? அந்தக் காட்டில் யானை இல்லை, குரங்கு இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருவாச்சியும் யானையும் குரங்கும் பங்கு போட்டுச் செய்கிற வேலையின் பெரும்பகுதியை அங்கே காசோவரி தனியாகச் செய்கிறது. பழத்தை விழுங்கிவிட்டு ஓடையைக் கடந்து, மேடேறி, சில சமயம் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விதைக்கிறது, உரத்தோடு சேர்த்து.

குயின்ஸ்லாந்தின் டெயின்ட்ரீ மழைக்காட்டுப் பகுதியில் மட்டும் வளரும் ரைபரோசா என்ற அரிய மரம் ஒன்று உண்டு. அதன் விதைகளைக் காசோவரியின் வயிற்றுக்குள் அனுப்பி எடுத்து ஆராய்ந்தார்கள். சும்மா நட்ட விதைகளில் நூற்றுக்கு 4 மட்டுமே முளைத்தன, காசோவரி வழியாக வந்தவற்றில் 92 முளைத்தன. அந்த மரத்தின் அறிவியல் பெயரின் பின்பாதி குரங்கீ. அங்குள்ள குக்கு யலாஞ்சி பழங்குடி மக்கள் காசோவரியை அழைக்கும் பெயரிலிருந்து அதை எடுத்தார்கள். சவுக்கைப் போலவே, அறிவியல் பெயரிலேயே இந்தப் பறவையைச் சுமக்கும் இன்னொரு மரம் என்று சொல்லலாம். இதற்கு உயிரும் கொடுக்கிறது.

பழம் ஓரிடத்தில் குவிந்து கிடக்காது. இந்த வாரம் இங்கே ஒரு மரம், அடுத்த வாரம் மலைச்சரிவில் இன்னொன்று. கூட்டமாக அலைந்தால் யாருக்கும் வயிறு நிறையாது. காசோவரி தனிமையில் வாழ இதுவே காரணம். வளர்ந்த பறவை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வட்டாரத்தை வைத்துக்கொண்டு, எந்த மரம் எப்போது பழுக்கும் என்று தெரிந்து சுற்றிவருகிறது. ஆணும் பெண்ணும் எதிரெதிரே வந்தால் ஆண்தான் ஒதுங்கும்.

ஜூனிலிருந்து அக்டோபர் வரை, பழம் செழிக்கும் நாட்களில் மட்டும் பெண் ஆணைத் தன் பக்கம் வர விடுகிறது. சருகைக் குவித்த தரைக் கூட்டில் மூன்றிலிருந்து ஐந்து முட்டை வரை இடும். பச்சைப் பட்டாணி நிறத்தில், மினுமினுப்பாக, ஒவ்வொன்றும் அரைச் சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமாக, பத்துக் கோழிமுட்டை எடையில் இருக்கும். இட்டு முடித்ததும் பெண் கிளம்பிவிடுகிறது. அதே பருவத்தில் வேறொரு ஆணோடு சேர்ந்து அவனுக்கும் ஒரு கூடு முட்டை கொடுக்கும்.

அதற்குப் பிறகு எல்லாம் அப்பாவின் பொறுப்பு. ஏறக்குறைய ஐம்பது நாள் அடைகாக்கிறது. தின்னக்கூட அதிகம் எழுந்து போவதில்லை, இளைத்துப்போகும். குஞ்சுகள் பொரிந்து வெளிவரும்போது சந்தன நிறத்தில் கரும்பழுப்புக் கோடுகளோடு, அணில் முதுகை நினைவூட்டும்படி இருக்கும். சருகுக்கும் வெயில் கீற்றுக்கும் நடுவே அவை நின்றால் கண்ணுக்குத் தெரியாது. சில மாதங்களில் கோடு மங்கி உடம்பு பழுப்பாகும், கறுப்பு இறகும் நீலக் கழுத்தும் முழுதாய் வர மூன்றாண்டு போல ஆகும். சுமார் ஒன்பது மாதம் குஞ்சுகள் அப்பாவின் பின்னாலேயே திரிகின்றன. பெரிய பழம் கிடைத்தால் அப்பா அதை எடுத்துக் குஞ்சுகளின் முன்னால் போடுவதைப் பார்த்திருக்கிறார்கள். நாய், காட்டுப்பன்றி, மனிதர் என்று எது நெருங்கினாலும் இறகைச் சிலிர்த்து உடம்பை இரண்டு மடங்கு பெரிதாக்கி நிற்கும். 'ஆபத்தான பறவை' என்று பெயர் வாங்கிய உயிரினம்தான் இத்தனை பொறுமையான தகப்பன். காசோவரியில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் இது.

இவ்வளவு தனிமையில் வாழும் பறவைகள் அடர்ந்த காட்டில் ஒன்றையொன்று எப்படி அறிகின்றன? குரலால், ஆனால் நம் காதுக்கு எளிதில் எட்டும் குரல் இல்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, குள்ளக் காசோவரியின் முழக்கம் 23 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 23 அதிர்வு வரை, இறங்குவதை அளந்து சொன்னது. மனிதக் காதின் கீழ் எல்லையே 20 ஹெர்ட்ஸ்தான். தென் காசோவரியுடையது 32 அளவில் இருந்தது. பறவைகளில் இவ்வளவு தாழ்ந்த ஒலி வேறெதிலும் பதிவாகவில்லை. தலையைத் தாழ்த்தி, உடம்பே அதிர அது முழங்கும்போது, பக்கத்தில் நிற்பவருக்குக் காதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரியும், கோயிலில் பெரிய தவில் அடிக்கும்போது தெரிவது போல. கூர்மையான ஒலி இலையிலும் மரத்திலும் பட்டுச் சிதறிவிடும், தாழ்ந்த ஒலி நெடுந்தூரம் போகும்.

தலைக்கொண்டை இந்த ஒலியைப் பெருக்கவா வாங்கவா என்று ஒரு பேச்சு உண்டு. அதன் உள்ளே பஞ்சு போன்ற எலும்பு, மேலே நம் நகத்தின் பொருளால் ஆன உறை. முள்ளுக்குள் பாய்வதற்குத் தலைக்கவசம் என்று முன்பு சொன்னார்கள். 2019-இல் ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தவர்கள் வெப்பத்தைக் காட்டும் கேமராவால் படம் பிடித்துப் பார்த்தபோது, வெயிலில் கொண்டை சூட்டை வெளியே விடுவதும் குளிரில் அடக்கிவைப்பதும் தெரிந்தது. கறுப்புப் போர்வை போர்த்திய பெரிய உடம்புக்கு அப்படியொரு சூடு தணிக்கும் வழி தேவைதான். ஒரே உறுப்பு பல வேலை செய்யக்கூடாது என்று இயற்கையில் சட்டம் எதுவும் இல்லை.

இப்போது நகத்தைப் பற்றி.

காலில் மூன்று விரல்கள். உள்விரலின் நகம் மட்டும் நேராக, குத்துக்கத்தி போல 12 சென்டிமீட்டர் வரை வளரும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காட்டுக்குள் ஓடும், ஆள் மார்பு உயரம் எம்பும், ஆற்றை நீந்திக் கடக்கும். முன்னோக்கி உதைக்கும் அந்தக் கால் ஒரு நாயைக் கொன்றுவிடக்கூடியது. இதெல்லாம் மறுக்க முடியாதது. ஆனால் பதிவான மனித மரணங்கள் இரண்டு மட்டுமே. 1926-இல் குயின்ஸ்லாந்தில் மாஸ்மன் ஊரருகே, தங்கள் நிலத்துக்குள் வந்த பறவையை அடித்துக் கொல்லப் பார்த்த 16 வயதுப் பையன் விழுந்தபோது கழுத்தில் காயம்பட்டு இறந்தான். 2019-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், காசோவரியைத் தன் பண்ணையில் வளர்த்துவந்த 75 வயதுக்காரர் விழுந்த இடத்தில் தாக்கப்பட்டு இறந்தார். காட்டில் நடந்துபோகிறவரைத் தேடி வந்து கொன்றதாக ஒன்றுகூட இல்லை.

1999-இல் குயின்ஸ்லாந்து வனவிலங்குத் துறையைச் சேர்ந்த ஒருவர் 221 தாக்குதல்களை ஆராய்ந்து எழுதினார். அவற்றில் 150 மனிதர் மீது நடந்தவை. அந்த 150-இல் நான்கில் மூன்று பங்கு, முன்பு மனிதர்கள் தின்னக் கொடுத்துப் பழக்கிய பறவைகளால் நடந்திருக்கின்றன. குஞ்சையோ முட்டையையோ காக்க வந்தவை மிகச் சில. இங்கேயும் பழம்தான்! வாழைப்பழத்தை நீட்டிய ஒரு கை அடுத்தடுத்து வரும் எல்லாக் கைகளிலும் பழம் இருப்பதாக அதற்குக் கற்றுக்கொடுக்கிறது. கொடுக்காதவர் மீது கோபம் வருகிறது. சாலையோரம் வண்டிகளை எதிர்பார்த்து நிற்கிறது, கடைசியில் வண்டியில் அடிபடுகிறது அல்லது நாயிடம் மாட்டுகிறது. அதனால்தான் அங்கே காசோவரிக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். அன்பால் செய்கிறோம் என்று நினைத்துத்தான் போடுகிறார்கள், அதுதான் வேதனை. எதிரே வந்துவிட்டால் ஓடக் கூடாது. முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். பையையோ மரத்தையோ இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

நியூ கினி மக்களுக்கு இந்தப் பறவையோடு உள்ள பழக்கம் மிகப் பழையது. அங்குள்ள பாறைக் குடைவுகளில் கிடைத்த காசோவரி முட்டை ஓடுகளை ஆராய்ந்து 2021-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஓடுகள் 18,000-இலிருந்து 6,000 ஆண்டுகள் பழையவை. பலவும் குஞ்சு வெளிவரும் நிலையை நெருங்கிய முட்டைகள். முட்டையை எடுத்துவந்து பொரிக்கவைத்து வளர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அப்படியென்றால் கோழி வளர்ப்புக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்திய பறவை வளர்ப்பு இது. இன்றும் அங்கே குஞ்சைப் பிடித்துவந்து வளர்த்து, திருமணச் சீரிலும் பெரிய சடங்குகளிலும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இறகு தலையணியாகிறது, சிறகு ஈர்க்கு காதணியாகிறது, கால் எலும்பைக் கூர்தீட்டிக் கத்தி செய்திருக்கிறார்கள். நடுமலைப் பகுதியில் வாழும் 'காலம்' (Kalam) என்ற இன மக்கள் பறவைகளையும் வௌவாலையும் 'யக்ட்' என்று ஒரே வகையில் சேர்க்கிறார்கள், காசோவரியை அதில் சேர்ப்பதில்லை. அதற்குக் 'கோப்டி' என்று தனி இடம். பறப்பதில்லை, இறகு முடிபோல் இருக்கிறது, எலும்பு கனமானது. காட்டில் நாள்தோறும் பார்க்கிறவர்கள் யோசித்துப் பிரித்த பிரிவு அது.

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. கரும்புத் தோட்டத்துக்கும் வாழைத் தோட்டத்துக்கும் வீட்டுமனைக்கும் தாழ்நிலக் காடு பெருமளவு போய்விட்டது. மிச்சமான காடு 1988-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஈரக் காடுகளில் சுமார் 4,400 பறவைகள் இருக்கலாம் என்று ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ 2014-இல் மதிப்பிட்டது. அரசுப் பட்டியலில் அந்தப் பறவைகள் அழியும் ஆபத்தில் உள்ளவை. எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிய கவலை, காடு துண்டு துண்டாகக் கிடப்பதுதான். ஒன்பது மாதம் முடிந்து அப்பாவை விட்டுப் பிரியும் இளம் பறவை தனக்கென்று வட்டாரம் தேடிப் போக வேண்டும், போகும் வழியில் சாலை குறுக்கிடுகிறது.

2006 மார்ச்சில் லாரி புயலும் 2011 பிப்ரவரியில் யாசி புயலும் அந்தக் கரையைத் தாக்கின. மரம் சாய்ந்தது ஒரு பக்கம், நின்ற மரங்களிலும் ஒரு பழம் மிஞ்சவில்லை. பசித்த காசோவரிகள் ஊருக்குள்ளும் சாலைக்கும் வந்தன, பல செத்தன. அப்போது அரசே காட்டுக்குள் தொலைவான இடங்களில் பழம் கொண்டுபோய் வைத்தது. மனிதர் கையைப் பார்க்காமல் தின்ன வேண்டும் என்பதால் தூரத்தில். கையால் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

மிஷன் பீச் என்ற சிற்றூரில் சாலையோரம் ஒரு மஞ்சள் அறிவிப்புப் பலகை உண்டு. மேலே வேகத்தடையின் மேட்டுப் படம், 'முன்' என்ற சொல். கீழே அதே மேட்டு வடிவில் விழுந்துகிடக்கும் ஒரு காசோவரி, 'பின்' என்ற சொல். பார்த்த ஓட்டுநரின் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

அதே ஊரில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் ஒரு நாற்றங்கால் நடத்துகிறார்கள். விதைக்கு அவர்கள் மரம் ஏறுவதில்லை. காட்டுப் பாதையில் கிடக்கும் காசோவரி எச்சத்தை அள்ளி வந்து, சல்லடையில் போட்டு அலசுகிறார்கள். ஊதாத் தோல் கரைந்து போக, நாவல் இனத்துக் கொட்டை, ருத்ராட்ச முகம் கொண்ட குவான்டாங் கொட்டை, பனை விதை என்று வகை வகையாகத் தங்கும். பிரித்துத் தொட்டியில் போடுகிறார்கள். முளைத்துக் கன்றானதும், ஒரு காட்டுத் துண்டுக்கும் இன்னொரு காட்டுத் துண்டுக்கும் இடையிலுள்ள வெற்று நிலத்தில், காசோவரி நடந்து கடப்பதற்கென்றே அவற்றை வரிசையாக நடுகிறார்கள்.